உபுண்டுவில் தமிழ்99: முதல் மென்பொருளை நிறுவுவோம்

விண்டோஸில் ஒரு மென்பொருள் வேண்டுமென்றால் இணையத்தில் தேடிப் பதிவிறக்குவோம். லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவில் அந்த அலைச்சல் தேவையில்லை. பல்லாயிரம் மென்பொருள்கள் அதன் களஞ்சியத்தில் தயாராக இருக்கின்றன. அவற்றை எடுத்துவந்து நிறுவித் தருவது ‘ஆப்ட்’ என்னும் கருவி. புதியவர்களுக்கு நான் முதலில் நிறுவச் சொல்வது, தமிழ்99 என்னும் விசைப்பலகை அமைப்பில் எழுத உதவும் தமிழ்த் தட்டச்சு வசதியைத்தான். கணினியில் நம் மொழியை எழுத முடியாவிட்டால் மற்றவை இருந்து என்ன பயன்?

இணைய இணைப்பு இருக்கட்டும். செயலிகள் பட்டியலில் டெர்மினலை (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) திறந்து, சிறிய ஆங்கில எழுத்துகளில் இதைத் தட்டச்சு செய்து என்டர் விசையை அழுத்துங்கள்:

சூடோ ஆப்ட் அப்டேட் (sudo apt update)

‘சூடோ’ என்றால் நிர்வாகி உரிமையோடு செய் என்று பொருள். அதனால் கடவுச்சொல் கேட்கும். பல பதிப்புகளில், தட்டச்சு செய்யும்போது திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. விசைப்பலகை பழுதாகிவிட்டதோ என்று பலரும் பதறுவது இங்கேதான். பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். முழுதாக அடித்து என்டர் கொடுங்கள்.

இந்தக் கட்டளை எதையும் நிறுவாது, களஞ்சியத்தின் பட்டியலை மட்டும் புதுப்பிக்கும். அடுத்து:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஐபஸ்-எம்17என் (sudo apt install ibus-m17n)

கடைசியில் இருப்பது தட்டச்சு வசதி தரும் தொகுப்பின் பெயர். அதில் இடைவெளி கிடையாது, நடுவில் சிறுகோடு உண்டு. தொடரலாமா என்று கேட்டால் ‘ஒய்’ அடித்து என்டர் கொடுங்கள்.

‘லாக்’ (ஒரே சமயத்தில் இரண்டு நிறுவல்கள் நடக்காமல் தடுக்கும் பூட்டு) கிடைக்கவில்லை என்று பிழை வந்தால், பெரும்பாலும் பின்னணியில் தானியங்கிப் புதுப்பித்தல் ஓடிக்கொண்டிருக்கும். சில நிமிடங்கள் பொறுத்து மறுபடி முயலுங்கள். லாக் கோப்பையே அழித்துவிடச் சொல்லும் யோசனைகள் இணையத்தில் ஏராளம், தயவுசெய்து கேட்காதீர்கள். நிறுவல் பாதியில் சிதைந்து போகக்கூடும். தொகுப்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்தால் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள்.

நிறுவி முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் உள்ளே வாருங்கள். அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குச் சென்று, உள்ளீட்டு மூலங்களில் கூட்டல் குறியைச் சொடுக்கித் தமிழைத் தேடுங்கள். முதலில் தென்படாவிட்டால் பட்டியலின் அடியில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்துங்கள். தமிழ்99 என்ற பெயரை ஒத்த வேறு தேர்வுகளும் இருக்கும். எம்17என் என்று சேர்த்து எழுதியிருப்பதையே எடுங்கள். ஆங்கில ஒலிப்படி எழுதிப் பழகியவர்களுக்கு ‘ஃபொனெட்டிக்’ தேர்வும் அங்கேயே இருக்கிறது. ஆனால் புதிதாகத் தொடங்குவோருக்குத் தமிழ்99 தான் என் பரிந்துரை: உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில்.

விண்டோஸ் சின்னமுள்ள விசையோடு ஸ்பேஸ் விசையை அழுத்தினால் மொழி மாறும். உரைத்திருத்தியைத் திறந்து ஏ, கே, கே, க்யூ (A, K, K, Q) என்ற ஆங்கில விசைகளை அடித்துப் பாருங்கள். இரண்டாவது ‘கே’ விழும்போதே முதல் மகரத்துக்குப் புள்ளி தானாக வந்து உட்காரும். நான்கே விசைகளில் ‘அம்மா’ வந்துவிடும்.

வேறு எதை நிறுவவும் இதே கட்டளைதான், கடைசிப் பெயர் மட்டும் மாறும். நீக்குவதற்கு ‘இன்ஸ்டால்’ இருக்கும் இடத்தில் ‘ரிமூவ்’ (remove) போடுங்கள்.