லஞ்சத் தடுப்புச் சட்டத்தைத் தளர்த்த வருகிறார்களா? மனு எழுதும் முறை

ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் 19 வருடம் கணக்குப் பார்த்தவள் நான். ஒருமுறை எங்கள் சரக்கு வெளிநாட்டுத் துறைமுகத்தில் 9 நாள் கிடந்தது. அங்கே இருந்த விற்பனைப் பிரதிநிதி போன் செய்தார்: "அதிகாரிக்குக் கொடுக்க 'இதர செலவு'ன்னு ஒரு வவுச்சர் போட்டுக்கலாமா மேடம்?" "போட்டால் ஆடிட்டில் முதலாளியே மாட்டுவார், சட்டம் அப்படி" என்றேன். அவர் அதையே அந்தத் துறைமுக அதிகாரியிடமும் சொல்லியிருக்கிறார். 11ஆம் நாள் சரக்கு வெளியே வந்தது. முகம் முறியாமல் 'முடியாது' என்று சொல்ல அவருக்குக் கிடைத்த ஒரே சாக்கு, வெளிநாட்டு அதிகாரிக்கு நிறுவனங்கள் லஞ்சம் கொடுப்பதைத் தடுக்கும் அந்தச் சட்டம். அதைத் தளர்த்தும் பேச்சு எழும்போதெல்லாம் நான் மனு எழுத உட்கார்ந்துவிடுவேன்.

சட்டத்தைத் திருத்தும் மசோதா கைக்கு வந்ததும் பழைய பிரிவையும் புதியதையும் அருகருகே வைத்துப் படியுங்கள். முன்னுரையை விட்டுவிடலாம், அதில் எல்லோருமே ஊழலுக்கு எதிரிதான். சட்டத்தையே எடுத்துவிடு என்று யாரும் எழுத மாட்டார்கள். 'வேண்டுமென்றே' என்று ஒரு சொல் நுழையும். 'அரசு அதிகாரி' என்பதன் பொருள் சுருங்கும். ஒரு நிறுவனம் விலைக்கு வாங்கிய இன்னொரு நிறுவனத்தின் பழைய குற்றத்துக்குப் பொறுப்பில்லை என்று ஒரு வரி வரும். 2010இல் அமெரிக்காவின் இத்தகைய சட்டத்தைத் திருத்த, அங்குள்ள தொழில் நிறுவனங்களின் அமைப்பான அமெரிக்க வர்த்தக சபை தரப்பு முன்வைத்த யோசனைகளில் இந்த மூன்றுமே இருந்தன.

கணக்குப் புத்தகம் பற்றிய பிரிவை மட்டும் இரண்டு முறை படியுங்கள். 1977இல் வந்த அந்த அமெரிக்கச் சட்டம் வெளிநாட்டு அதிகாரிக்கு லஞ்சம் கொடுப்பதைத் தடுத்ததோடு நிற்கவில்லை. பங்குச்சந்தையில் உள்ள நிறுவனங்கள் கணக்கை உள்ளபடி எழுத வேண்டும் என்றும் சொன்னது. லஞ்சத்தை லஞ்சம் என்று எந்தக் கணக்கரும் எழுதுவதில்லை. ஆலோசனைக் கட்டணம், கமிஷன், விருந்துச் செலவு என்றுதான் எழுதுவார்கள். பணம் கை மாறியதை நிரூபிக்கச் சாட்சி வேண்டும். பொய்க் கணக்குக்கு அந்த வவுச்சரே சாட்சி. வேறு எதை விட்டுக்கொடுத்தாலும் இந்தப் பிரிவை விடாதீர்கள்.

சரி, எதிர்வாதங்கள். "நம்மை மட்டும் கட்டிப்போட்டால் போட்டியாளர் ஆர்டரைத் தட்டிக்கொண்டு போவார்" என்பார்கள். 1977க்குப் பிறகு அமெரிக்க நிறுவனங்களும் இதையே சொன்னன. அதற்குக் கிடைத்த நல்ல பதில், மற்ற நாடுகளையும் கட்டிப்போட்ட 1997ஆம் ஆண்டு ஓஇசிடி (பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பு) ஒப்பந்தம். வெளிநாட்டு லஞ்சத்தை வரிக்கழிவாகவே காட்ட முடிந்த ஜெர்மனியில் 1999இல் அது முடிவுக்கு வந்தது. அதே நாட்டின் சீமென்ஸ் நிறுவனம் லஞ்ச வழக்குகளில் 2007-08இல் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் சேர்த்துச் சுமார் 160 கோடி டாலர் கட்டியது. அந்த ஒப்பந்தத்தில் உங்கள் நாடு கையெழுத்திட்டிருந்தால், நாட்டின் பொருளாதார நலனைக் காரணம் காட்டி விசாரணையை வளைக்கக் கூடாது என்னும் அதன் 5ஆவது பிரிவை மனுவில் எடுத்துக்காட்டுங்கள்.

"சிறு நிறுவனங்களுக்குச் சுமை" என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மறுக்காதீர்கள். விலக்குக்குப் பதிலாக எளிய வழிகாட்டிக் குறிப்பைக் கேளுங்கள். பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில், லஞ்சத்தைத் தடுக்கப் போதிய ஏற்பாடு செய்திருந்தோம் என்று நிரூபிக்கும் நிறுவனம் தப்பிக்கலாம். அந்த ஏற்பாடு நிறுவனத்தின் அளவுக்குத் தக்கபடி இருந்தால் போதும் என்கிறது அரசின் குறிப்பு.

மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஒரு பிரிவுக்கு ஒரு பத்தி, நடுவே உங்கள் வேலையில் கண்ட ஒரு சம்பவம், பெயர் இல்லாமல்.

கடைசிப் பத்தியை அமலாக்கத்துக்கு ஒதுக்குங்கள். 2025 பிப்ரவரி 10 அன்று அமெரிக்க அதிபரின் ஆணை ஒன்று, அந்த 1977 சட்டத்தின் கீழ் புதிய விசாரணைகள் தொடங்குவதை 180 நாளுக்கு நிறுத்தச் சொன்னது. சட்டத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அதனால் விசாரணை அதிகாரிகள் எத்தனை பேர், புதிய வழக்குகள் எத்தனை என்று ஆண்டுதோறும் வெளியிடக் கேளுங்கள். மனு ஏற்கப்பட்டதோ இல்லையோ, நான் ஒவ்வொரு ஜனவரியிலும் அந்த இரண்டு எண்களைக் கேட்டுக் கடிதம் போடுகிறேன்.