பழைய எம்எக்ஸ்-5 காருக்குச் செலவில்லாத சுறுசுறுப்பு: இக்னிஷன் டைமிங்கை 14 டிகிரிக்குக் கொண்டுவருவது எப்படி?

மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறையை வாங்குகிறவர்கள் முதல் மாதத்திலேயே ஒரு புதுச் சைலன்சரும் பளபளக்கும் காற்று வடிகட்டியும் வாங்கிப் பொருத்திவிடுகிறார்கள். சத்தம் கூடுகிறது. கார் என்னவோ முன்பு போன வேகத்தில்தான் போகிறது.

1989இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான இந்தக் கார் ஆயிரம் கிலோகூட எடையில்லாதது. 1.6 லிட்டர் என்ஜினின் சக்தி சுமார் 115 குதிரைத்திறன். இன்றைய குடும்பக் கார்கள் பலவற்றுக்கு அதைவிட அதிகம். இதை ஓட்டும் சுகம் முழுவதும் எடைக் குறைவிலும், கால் அழுத்திய நொடியில் என்ஜின் பதில் சொல்வதிலும் இருக்கிறது. முப்பது வயதைத் தாண்டிய கார்களில் அந்தப் பதில் மந்தமாகிவிடுகிறது. காரணம் தேடினால் பழுத்துப்போன பிளக் வயர், விரிசல் விட்ட ரப்பர் குழாய், யாரோ எப்போதோ கழற்றி ஏனோதானோவென்று மாட்டிய சென்சார் என்று சில்லறை விஷயங்கள்தான் கிடைக்கும். அவற்றைச் சரிசெய்துவிட்டு டைமிங்கை, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எத்தனை டிகிரி முன்னால் பிளக்கில் பொறி விழுகிறது என்பதை, தொழிற்சாலை வைத்த பத்திலிருந்து நான்கு டிகிரி முன்னுக்குத் தள்ளினால் கிடைக்கும் மாற்றத்தை எந்த சைலன்சரும் தராது. ஒரு சனிக்கிழமை பிற்பகல் போதும்.

எண்ணெய் மாற்றுவது, ஜாக் போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: ஜாக்கை நம்பி காருக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள்.

முதலில் செய்ய வேண்டியவை

1.6 லிட்டர் என்ஜினில் உள்ளே போகும் காற்றை அளப்பது ஒரு சிறிய கதவு. காற்றின் விசையில் அது எவ்வளவு திறக்கிறதோ அதற்கேற்ப பெட்ரோல் பாய்கிறது. அந்த அளவிக்கும் என்ஜினுக்கும் நடுவில் ரப்பர் குழாய் இருக்கிறது. அதன் மடிப்புகளை விரலால் விரித்துப் பாருங்கள். மடிப்புக்குள் விரிசல் இருந்தால் அளக்கப்படாத காற்று உள்ளே நுழையும். பெட்ரோல் போதாமல் என்ஜின் இழுக்காது. இந்த நிலையில் டைமிங்கைத் தொடுவதில் அர்த்தமே இல்லை. குழாயை மாற்றிவிட்டு வாருங்கள்.

அடுத்து பிளக்கும் வயரும். பிளக் இடைவெளி 1.1 மில்லிமீட்டர். நான் என்ஜிகே நிறுவனத்தின் சாதாரண பிளக்கையே போடுகிறேன். இரிடியம் பிளக்குக்குக் கொடுக்கும் காசை வயருக்குக் கொடுங்கள், ஏனென்றால் இந்தக் காரில் முதலில் கெட்டுப்போவது வயர்தான். முழுச் சுமையில் என்ஜின் விக்கினால் முதல் சந்தேகம் அதன்மேல் போகட்டும். ஒவ்வொரு வயராகக் கழற்றி மாட்டுங்கள். நான்கையும் ஒன்றாகப் பிடுங்கிவிட்டால் வரிசை குழம்பும்.

எந்த டைமிங் லைட்டை வாங்குவது?

டைமிங் லைட் என்பது முதல் சிலிண்டரில் தீப்பொறி விழும் ஒவ்வொரு முறையும் பளிச்சிடும் விளக்கு. அதன் ஒளியில் சுற்றிக்கொண்டிருக்கும் கிராங்க் புல்லி (பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் முன்முனையில் உள்ள சக்கரம்) அசையாமல் நிற்பதுபோல் தெரியும். அதிலுள்ள வெட்டு எந்த அளவுக்கோட்டுக்கு நேரே நிற்கிறது என்று பார்க்கலாம். கடையில் இரண்டு வகை இருக்கின்றன: வெறும் விளக்கு ஒன்று, பின்புறத்தில் டிகிரி திருகும் டயல் வைத்தது இன்னொன்று. டயல் வைத்தது விலை அதிகம், பார்க்கவும் கம்பீரமாக இருக்கும். இந்தக் காருக்கு அது வேண்டாம்.

காரணம் இதுதான். நான்கு வீச்சு என்ஜினில் ஒரு பிளக் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை பொறி விட்டால் போதும். ஆனால் எம்எக்ஸ்-5 காரில் பொறிக்கு மின்சாரம் தரும் காயில் 1, 4 ஆகிய சிலிண்டர்களுக்குச் சேர்த்தே பொறி அனுப்புகிறது. 2, 3 ஆகியவற்றுக்கும் அப்படியே. ஒன்று வேலைக்கு, மற்றது வீணுக்கு. ஆக, முதல் பிளக் வயரில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி ஓடுகிறது. டயல் விளக்குக்கு இது தெரியாது. இரண்டு பொறிகளுக்கு நடுவில் இரண்டு சுற்று கடந்ததாக அது கணக்குப் போடுகிறது. விளைவு, நீங்கள் டயலில் 14 வைத்தால் விளக்கு உண்மையில் 7 டிகிரிதான் தாமதிக்கிறது. புல்லியின் வெட்டை பூஜ்யக் கோட்டுக்கு நேரே கொண்டுவந்து "பதினான்கு வந்துவிட்டது" என்று மகிழ்ந்தால், காரில் இருப்பது ஏழு. தொழிற்சாலை வைத்த பத்தைவிடவும் குறைவு! கார் முன்பைவிடச் சோம்பேறியாகிவிடும், ஏன் என்றும் புரியாது. இந்த ஒரு விஷயம் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல.

கையில் டயல் விளக்குதான் இருக்கிறது என்றால், அதில் இரண்டு வீச்சு என்ஜினுக்கான நிலை இருக்கிறதா என்று பாருங்கள்; அதில் வைத்தால் கணக்குச் சரியாகும். அந்த வசதி இல்லாவிட்டால் டயலைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு வெறும் விளக்காகப் பயன்படுத்துங்கள்.

குறி போடுதல்

புல்லிக்குப் பின்னால் பெல்ட் மூடியில் இரண்டு அடையாளங்கள் இருக்கும். "டி" என்ற எழுத்துள்ள இடம் பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை. அடுத்தது 10 டிகிரி. நமக்கு வேண்டிய 14 அங்கே இல்லை, நாமே போட வேண்டும். ஒரு காகிதத் துண்டை வளைவோடு ஒட்டிவைத்து "டி"க்கும் பத்துக்கும் இடைப்பட்ட தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைப் பத்தாகப் பிரித்து, நான்கு பங்கை பத்துக்கு அப்பால், "டி" இல்லாத பக்கம் தள்ளி வையுங்கள். அங்கே ஒயிட்னரால் மெல்லிய கோடு. தடித்த கோடு போட்டால் அதன் அகலமே இரண்டு டிகிரியை விழுங்கிவிடும். ஊசி முனையால் இழுப்பது நல்லது.

புல்லியிலும் அழுக்கைத் துடைத்துவிட்டு வெட்டுக்குள் ஒயிட்னர் தடவுங்கள். இரண்டு வெட்டுகள் தெரிந்தால் எது சரியானது என்று ஊகிக்க வேண்டாம். முதல் பிளக்கைக் கழற்றி, துளைக்குள் நீளமான பிளாஸ்டிக் குச்சி ஒன்றை விட்டு, 21 மில்லிமீட்டர் சாக்கெட்டால் கிராங்க்கை வலஞ்சுழியாகக் கையால் சுற்றுங்கள். குச்சி மேலே ஏறி நிற்கும்போது எந்த வெட்டு "டி"க்கு நேரே இருக்கிறதோ அதுதான் உங்கள் வெட்டு. மற்றதை மறந்துவிடுங்கள்.

டைமிங் பார்த்தல்

என்ஜின் முழுச் சூட்டுக்கு வரட்டும். காரின் விளக்கு, ஏசி, மின்விசிறி எல்லாம் அணைந்திருக்க வேண்டும். பிறகு என்ஜினை நிறுத்திவிட்டு, என்ஜின் அறையில் "டயக்னாஸிஸ்" என்று பொறித்த சிறிய பிளாஸ்டிக் பெட்டியைத் திறங்கள். மூடியின் உட்புறத்தில் முனைகளின் வரைபடம் இருக்கிறது. டி.இ.என்., ஜி.என்.டி. ஆகிய இரண்டு முனைகளையும் சிறிய வயர்த் துண்டால் இணையுங்கள். இதைச் செய்யாமல் டைமிங் பார்த்தால் காரின் கணினி தன் விருப்பப்படி டைமிங்கை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். நீங்கள் பார்க்கும் எண்ணுக்கு மதிப்பில்லை. பேப்பர் கிளிப் எல்லாம் வேண்டாம். பக்கத்து முனையில் பட்டால் வம்பு. காப்பு உறை போட்ட வயர் இரண்டு ரூபாய் சமாசாரம்.

விளக்குக்கு மின்சாரம் எங்கிருந்து? பானெட்டைத் திறந்து பேட்டரியைத் தேடாதீர்கள், அது டிக்கியில் இருக்கிறது. எந்த டைமிங் லைட்டின் வயரும் அவ்வளவு தூரம் எட்டாது. தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரியையோ ஜம்ப் ஸ்டார்ட்டரையோ பக்கத்தில் வைத்து அதில் மாட்டுங்கள். டைமிங் லைட்டின் கவ்வியை முதல் சிலிண்டரின் பிளக் வயரில், அதாவது காரின் முகப்புக்கு மிக அருகில் உள்ளதில் மாட்ட வேண்டும். கவ்வியில் அம்புக்குறி இருந்தால் அது பிளக்கை நோக்கட்டும். விளக்கின் வயர்கள் பெல்ட்டின் பக்கம் போகாதபடி ஒதுக்கிக் கட்டுங்கள். சட்டைக் கையை மடித்துவிடுங்கள். ரேடியேட்டர் விசிறி சொல்லிக்கொண்டு சுற்றாது.

என்ஜினை இயக்குங்கள். ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை அழுத்தாதபோது, நிமிடத்துக்கு 850 சுற்று, ஐம்பது கூடலாம், குறையலாம். அதற்கு மேல் விலகியிருந்தால் திராட்டிலின் மேலுள்ள காற்றுத் திருகால் அதை முதலில் சரிசெய்யுங்கள்.

இப்போது விளக்கை அடித்துப் பாருங்கள். யாரும் கை வைக்காத காரில் வெட்டு பத்துக்கு அருகில் நிற்கும்.

சென்சாரைத் திருப்புதல்

டைமிங்கைத் தீர்மானிப்பது கேம் ஆங்கிள் சென்சார். என்ஜின் தலையின் பின்புறத்தில், தடுப்புச் சுவரை ஒட்டி, காயிலுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. அதைப் பிடித்திருப்பது ஒரே ஒரு 12 மில்லிமீட்டர் போல்ட். கை நுழையாது, கண்ணுக்கும் தெரியாது, சூடான குழாய்கள் முழங்கையைப் பதம் பார்க்கும். கால் அங்குல ராட்செட், நீட்டிப்புத் தண்டு, ஆறுமுனைச் சாக்கெட் ஆகிய மூன்றும் இருந்தால் வேலை முடியும். பன்னிரண்டு முனைச் சாக்கெட் போல்ட்டின் மூலைகளைத் தின்றுவிடும். என்ஜின் நின்றிருக்கும்போதே போல்ட்டைத் தளர்த்துங்கள். சென்சார் கையால் திருப்பினால் சற்று இறுக்கத்தோடு நகரும் அளவுக்குப் போதும்.

திருப்புவதற்கு முன்னால் சென்சாரின் உடலுக்கும் என்ஜின் தலைக்கும் குறுக்காக ஒரு கோடு கிழித்துவிடுங்கள். எது தவறினாலும் திரும்பிவர அந்தக் கோடு உதவும். பிறகு என்ஜினை ஓடவிட்டு, மயிரிழை மயிரிழையாகத் திருப்பிப் பாருங்கள். சரியான பக்கம் திருப்பினால் ஐடில் கொஞ்சம் ஏறும், வெட்டு பத்திலிருந்து நீங்கள் போட்ட கோட்டை நோக்கி நகரும். கோட்டுக்கு வந்ததும் போல்ட்டை இறுக்கி, மறுபடி விளக்கடித்துப் பாருங்கள். இறுக்கும்போது சென்சார் ஒரு டிகிரி திரும்பிவிடுவது அதன் வழக்கம். ஐடில் ஏறியிருந்தால் திருகால் 850க்கு இறக்குங்கள். கடைசியாக அந்த இணைப்பு வயரைக் கழற்றுங்கள். கழற்றிய பிறகு விளக்கடித்தால் வெட்டு அலைபாயும். பயப்பட வேண்டியதில்லை, கணினி மீண்டும் தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

பதினான்குக்கு மேல் போகாதீர்கள். பதினாறு, பதினெட்டு என்று வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்த என்ஜினில் நாக் சென்சார் கிடையாது. பெட்ரோல் முன்கூட்டியே வெடித்தால் கணினி கண்டுகொள்ளாது, பிஸ்டன்தான் அடி வாங்கும். சோதிக்க, நல்ல வெயில் நாளில் ஒரு மேட்டில் நான்காவது கியரில் குறைந்த சுற்றில் முழுக்க அழுத்துங்கள். தகர டப்பாவில் கூழாங்கற்களைக் குலுக்கியது போன்ற ஓசை வந்தால் உடனே காலை எடுத்துவிட்டு, இரண்டு டிகிரி பின்வாங்குங்கள். நான் இருக்கும் இங்கிலாந்தில் 2021 முதல் சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். நான் சூப்பர் ரகத்தையே போடுகிறேன். பழைய ரப்பர் குழாய்களுக்கும் அது நல்லது.

கையோடு இன்னொன்று

சென்சார் கழன்று நிற்கும் இந்த நேரத்திலேயே அதன் ஓ-ரிங்கை, அதாவது எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை, மாற்றிவிடுங்கள். முப்பது ஆண்டுச் சூட்டில் அது கல்லாகியிருக்கும். அதன் வழியாகக் கசியும் எண்ணெய் என்ஜினின் முதுகில் வழிந்து, கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டும். அதைப் பார்த்துவிட்டு "கிராங்க்கின் பின் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும்" என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. சில காசு வளையத்துக்குப் பதிலாகப் பல நூறு பவுண்டு செலவு. கழற்றுமுன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், என்ஜினைச் சுற்றாதீர்கள், புது வளையத்தில் எண்ணெய் தடவி உள்ளே தள்ளுங்கள். டைமிங் அதன் பிறகு.

டயர் காற்றையும் பார்த்துவிடுங்கள். மாஸ்டா சொன்னது 26 பிஎஸ்ஐ. டயர் கடைக்காரர்கள் பழக்கதோஷத்தில் 32 அடித்து அனுப்புகிறார்கள். இவ்வளவு லேசான காருக்கு அது பாறை. 26க்கு இறக்கிவிட்டு அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள், வேறு கார்.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தவை

ஓ-ரிங் மாற்றியும் எண்ணெய் நிற்கவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். வால்வு மூடியின் கேஸ்கெட்டைப் பாருங்கள், குறிப்பாகப் பின் மூலைகளை. அங்கே கேஸ்கெட் வளைந்து ஏறும் இடங்களில் ஒரு பொட்டு சீலண்ட் வைக்காமல் மாட்டினால் கசியத்தான் செய்யும்.

வெட்டு ஓரிடத்தில் நிற்காமல் துள்ளுகிறது என்று கேட்டவருக்கு: டயக்னாஸிஸ் பெட்டியில் வயர் உறுதியாகப் பதிந்திருக்கிறதா? கவ்வி இரண்டாவது வயரை ஒட்டாமல் இருக்கிறதா? இரண்டும் சரியென்றால் பிளக் வயரை மாற்றுங்கள்.

1991 அல்லது அதற்கு முந்தைய கார் வைத்திருப்பவர்கள் புல்லியின் நடுப்பகுதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். நான்கு பிளவுகள் தெரிந்தால் உங்களுடையது குட்டை மூக்குக் கிராங்க், அதாவது முன்முனை குட்டையானது. எட்டு என்றால் கவலையில்லை. குட்டை மூக்கில் கிராங்க் போல்ட் சரியாக இறுகாவிட்டால் கிராங்க்கில் சாவி (பற்சக்கரத்தைப் பூட்டும் சிறு உலோகத் துண்டு) பதியும் பள்ளம் தேய்ந்து, கேம் டைமிங்கே, அதாவது வால்வுகள் திறந்து மூடும் நேரமே, தள்ளாடத் தொடங்கும். புல்லி லேசாகத் தள்ளாடுவது தெரிந்தால் சென்சாரைத் திருப்பிச் சமாளிக்கப் பார்க்காமல், முதலில் அந்தப் போல்ட்டைக் கழற்றிப் பள்ளத்தைச் சோதியுங்கள்.