வாகனச் சோதனையில் செய்யக் கூடாத தவறுகள்

சாலையில் பேரிகேட் போட்டு வண்டியை ஓரங்கட்டச் சொல்கிறார்கள். அடுத்த ஐந்து நிமிடத்தில் பலரும் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள். காட்டியே ஆக வேண்டிய லைசென்ஸுக்காக மல்லுக்கு நிற்கிறார்கள். கேட்டே வாங்க வேண்டிய ரசீதைக் கேட்காமல் வீடு திரும்புகிறார்கள். ஆவணங்களைப் பார்ப்பது, குடித்திருக்கிறோமா என்று பார்க்கக் கருவியில் ஊதச் சொல்வது, வண்டிக்குள் தேடுவது மூன்றும் வெவ்வேறு அதிகாரங்கள். நம்மை நிறுத்தியது எதற்காக என்பதை முதலில் தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

"நீங்க எஸ்.ஐ.யா? அவர் வந்து கேட்கட்டும்" என்று ஏட்டிடம் வாதாடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 130-வது பிரிவு, சீருடையில் உள்ள எந்தக் காவலர் கேட்டாலும் லைசென்ஸைக் காட்டச் சொல்கிறது. அங்கே பதவி பெரிதல்ல, சீருடைதான் நிபந்தனை. சட்டப்படி இட்ட உத்தரவை மீறினால் 179-வது பிரிவின் கீழ் 2,000 ரூபாய் வரை தனியாக அபராதம் உண்டு. அந்த இடத்திலேயே அபராதத்தை முடித்துவைக்கும் அதிகாரம் மட்டும் வேறு: அது மாநில அரசு அறிவித்த அதிகாரிகளுக்கே உரியது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் வீண் தகராறு வருகிறது.

அடுத்தது, ஆர்.சி. புக்கை போட்டோ எடுத்து கேலரியில் வைத்துக்கொண்டு "டிஜிட்டல் காப்பி செல்லும் சார்" என்பது. செல்லாது. டிஜிலாக்கர், எம்-பரிவாஹன் செயலிகளில் அரசுத் தரவிலிருந்து நேரடியாக வரும் ஆவணம்தான் அசலுக்குச் சமம். டிஜிலாக்கரிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அரசுத் துறை வழங்கிய ஆவணங்கள் ஒரு பகுதியில் இருக்கும்; நாமே ஸ்கேன் செய்து ஏற்றியவை இன்னொரு பகுதியில் இருக்கும். இரண்டாவது வகைக்கு அந்த மதிப்பு இல்லை. கிளம்பும் முன்பே லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று நான்கையும் ஒருமுறை திறந்து பாருங்கள்; சிக்னல் இல்லாத இடத்தில் செயலி சுற்றிக்கொண்டே நிற்கும். மின்னணு வழியில் சரிபார்த்த ஆவணத்தின் அசலைக் கையில் கேட்கக் கூடாது என்று 2020 அக்டோபர் முதல் விதியே இருக்கிறது.

பணத்துக்கு வருவோம். சலான் என்ற அபராதச் சீட்டு இல்லாமல் கைமாறும் பணம் அபராதமே அல்ல. "பாதி கொடுத்துட்டுப் போயிடலாம்" என்று நினைப்பவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவருக்கும் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் ஏழு நாளைக்குள் புகார் கொடுப்பவருக்கு மட்டுமே விலக்கு. இ-சலான் கொடுத்தால் வண்டி எண், இடம், நேரம், சட்டப் பிரிவு நான்கையும் அங்கேயே படித்துப் பாருங்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அங்கேயே கட்டியாக வேண்டிய கட்டாயம் இல்லை, கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம். கட்டிவிட்டால் வழக்கு அத்தோடு முடிந்தது, பிறகு மறுக்க முடியாது.

லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். சீட்டு வாங்கியவர்களும் அதில் எந்தப் பிரிவு என்று பார்ப்பதில்லை. ஓட்டுநர் சம்மனுக்குப் பிடிகொடுக்காமல் தலைமறைவாகலாம் என்ற சந்தேகத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 206(2)-ன் கீழ் எடுத்தால், அந்தச் சீட்டை வைத்து வண்டி ஓட்டலாம். அதிவேகம், போதை, ஹெல்மெட் இல்லாமை, டூவீலரில் மூன்று பேர் போன்றவற்றுக்காக 206(4)-ன் கீழ் எடுத்தால், லைசென்ஸ் திரும்பி வரும்வரை ஓட்டக் கூடாது. சீட்டுதான் இருக்கிறதே என்று ஓட்டினால் அது தனிக் குற்றமாகிவிடும். வண்டியையே பிடித்து வைக்கும் 207-வது பிரிவு லைசென்ஸ் இல்லாமை, வயது குறைவு, பதிவு இல்லாமை, பெர்மிட் மீறல் போன்றவற்றுக்கு மட்டும்தான். ஹெல்மெட் அந்தப் பட்டியலில் இல்லை. சாவியைப் பிடுங்கலாம் என்று இந்தச் சட்டத்தில் எங்கும் எழுதவில்லை. அதற்காகக் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். சாவி போனால் திரும்பி வரும். பணியில் உள்ளவர்மேல் பலத்தைப் பயன்படுத்தியதாக, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 132-வது பிரிவில் வழக்குப் போட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை.

ஊத மறுப்பதால் தப்ப முடியாது. தக்க காரணமின்றி மறுத்தால், மறுப்பே ஓட்டத் தகுதியற்ற நிலையில் இருந்ததற்குத் துணைச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படலாம். ஆல்கஹால் வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம். முதல் முறை 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கருவியில் புதிய ஊதுகுழல் போடச் சொல்வது உங்கள் ஆரோக்கியத்துக்காக, தயங்காமல் கேளுங்கள். மவுத்வாஷ் கொப்பளித்திருந்தால் முன்கூட்டியே சொல்லி, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதக் கேளுங்கள். வாயில் தங்கிய ஆல்கஹாலால் அளவு ஏறிக் காட்டும். இந்தக் குற்றத்துக்காகக் கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். இல்லாவிட்டால் காவலிலிருந்து விட்டாக வேண்டும். கைதான நேரத்தைக் குறித்துக்கொள்ளாதவர்கள் இந்த உரிமையைக் கோட்டைவிடுகிறார்கள்.

வண்டிக்குள் தேடுவதுதான் உண்மையிலேயே ஆபத்தான கட்டம். லைசென்ஸ் கேட்கும் 130-வது பிரிவு டிக்கியைத் திறக்கும் அதிகாரத்தைத் தரவில்லை. தேடுவதற்கு வேறு சட்டம் வேண்டும்: திருட்டுப் பொருள், போதைப்பொருள், மது என்று ஏதோ ஒரு சந்தேகம். "எந்தச் சட்டப்படி சார்? நான் சம்மதிக்கவில்லை, ஆனால் தடுக்கவும் மாட்டேன்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். "ஒண்ணும் இல்ல சார், தாராளமா பாருங்க" என்று நாமே சொல்லிவிட்டால் அது சம்மதமாகிவிடும். திறந்தார்கள் என்றால் தள்ளிப் போய் போன் பேசாதீர்கள். எல்லாக் கதவும் கண்ணில் படும் இடத்தில் நில்லுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-வது பிரிவு, சோதனையையும் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்கச் சொல்கிறது. எடுக்கிறார்களா என்று கேளுங்கள். பெண்ணின் உடலை இன்னொரு பெண் மட்டுமே சோதிக்கலாம்.

பிறகு, கைப்பற்றியதைப் பதிவு செய்யும் மகஜர் என்ற தாள் வரும். பொருள், எண்ணிக்கை, எங்கே கிடைத்தது, நேரம், சாட்சிகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். "காரில் கிடைத்தது" என்பதற்கும் "பின்சீட்டின் அடியில் கிடைத்தது" என்பதற்கும் வழக்கில் மலையளவு வித்தியாசம். வெறும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வரிகளுக்கு நடுவே இடம் விட்டிருந்தால் அதில் கோடு இழுக்கச் சொல்லுங்கள். கையெழுத்துக்குப் பக்கத்தில் அந்த நேரத்தின் மணியை உங்கள் கையாலேயே எழுதுங்கள்.

போதைப்பொருள் சந்தேகத்தில் உங்கள் உடலைச் சோதிக்கும் முன், மாஜிஸ்திரேட் அல்லது கெசட்டட் அதிகாரி (அரசிதழில் பெயர் வரும் நிலையில் உள்ள உயர் அதிகாரி) முன்னிலையில் சோதிக்கக் கோரும் உரிமை உண்டு என்று அவர்களே சொல்லியாக வேண்டும். இது போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்.டி.பி.எஸ். சட்டத்தின் 50-வது பிரிவு. 2010-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வும் இதை உறுதி செய்தது. நடைமுறையில் "எனக்கு அது தேவையில்லை" என்று அச்சடித்த தாளை நீட்டுவார்கள். படிக்காமல் கையெழுத்திட்டால் உரிமை அங்கேயே போய்விட்டது. இது உடல் சோதனைக்கு மட்டும். கையிலுள்ள பைக்கும் வண்டிக்கும் பொருந்தாது.

தேர்தல் காலத்தில் பறக்கும் படை நிறுத்தினால் கணக்கு வேறு. 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோகிற வியாபாரிகளும் கல்யாண வீட்டுக்காரர்களும் வங்கியில் எடுத்த சீட்டு, பில், கல்யாணப் பத்திரிகை எதுவும் இல்லாமல் கிளம்பி மாட்டிக்கொள்கிறார்கள். பணத்தைப் பிடித்தால் ரசீதும், மேல்முறையீட்டு விவரமும் கேட்டு வாங்குங்கள். மாவட்டத்தில் இதற்கென்றே மூன்று அதிகாரிகள் கொண்ட குழு இருக்கிறது. கட்சி, வேட்பாளர் தொடர்பில்லை என்று ஆவணத்தோடு காட்டினால் பணத்தை விடுவிக்க அந்தக் குழுவே உத்தரவிடலாம்.