மெண்டல்சன் வயலின் கான்செர்ட்டோவை முதல்முறை கேட்கப் போகிறீர்களா?

கான்செர்ட்டோ என்றால் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து ஒரே ஒரு கருவிக்காரர் முன்னால் நின்று வாசிக்கிற நீளமான உருப்படி; இது ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சன் வயலினுக்காக எழுதியது, மூன்று பகுதி. முதல் விஷயம், எலெக்ட்ரிக் டிரெயினில் கேட்காதீர்கள். திருவொற்றியூரில் ஏறி சென்ட்ரல் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று நான் அப்படித்தான் ஆரம்பித்தேன், மெதுவாக வாசிக்கிற இடமெல்லாம் தண்டவாளச் சத்தத்தோடு போய்விட்டது. ராத்திரி கன்டெய்னர் லாரிகள் கொஞ்சம் ஓய்ந்த பிறகு மொட்டைமாடிக்குப் போங்கள். ஹெட்போன், அரை மணி நேரம், அவ்வளவுதான்.

தேடும்போது ‘ஈ மைனர், ஓபஸ் 64’ (முதலாவது ஸ்கேல், அடுத்தது படைப்பின் எண்) என்று சேர்த்துப் போடுங்கள், இல்லையென்றால் அவர் சின்னப் பையனாக இருந்தபோது டி மைனரில் எழுதியது வந்து நிற்கும். ஹிலரி ஹான் வாசித்தது கிடைத்தால் நல்லது. ‘வெள்ளைக்காரன் சங்கீதம் உனக்கெதுக்கு’ என்று வீட்டில் கேட்டால் திருவொற்றியூருக்குப் பக்கத்து மணலியைக் காட்டுங்கள். மணலி முதலியார் என்ற செல்வந்தரின் ஆதரவில் இருந்த காலத்தில்தான் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார்.

சரி, பிளே அழுத்தியதும் ஃபோனை நோண்டாதீர்கள், வயலின் உடனே வந்துவிடும். அந்தக் காலத்து வழக்கம் அப்படியில்லை. பீத்தோவனின் கான்செர்ட்டோவில் ஆர்கெஸ்ட்ரா மூன்று நிமிடத்துக்கு மேல் வாசிக்க, வயலின்காரர் சும்மா நிற்பார். இங்கே ஓரிரு விநாடிதான், நேராகப் பாட்டுதான். அந்த முதல் மெட்டுதான் மெண்டல்சனைப் படுத்தியது: 1838-இல் வயலின்காரரான நண்பர் ஃபெர்டினான்ட் டேவிட்டுக்கு எழுதிய கடிதத்தில், ஈ மைனரில் ஒன்று தலைக்குள் ஓடுகிறது, அதன் ஆரம்பம் நிம்மதியாக இருக்கவிடவில்லை என்கிறார். எழுதி முடித்தது 1844-இல்!

முதல் பகுதியின் நடுவில் எல்லாரும் நிறுத்திவிட, வயலின் மட்டும் தனியாக வாசிக்கும். நம் கச்சேரியின் தனி ஆவர்த்தனம் மாதிரி இதுவும் வழக்கமாகக் கடைசியில்தான் வரும், இவர் நடுவில் தூக்கி வைத்துவிட்டார். அது முடிகிற இடத்தை விட்டுவிடாதீர்கள். வில் நாலு தந்தியிலும் துள்ளிக்கொண்டே இருக்க, அதற்கு அடியில் ஆர்கெஸ்ட்ரா பழைய மெட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரும். எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

பகுதி முடிந்ததும் கைதட்ட இடம் கிடைக்காது, பஸூன் என்கிற ஊதுகருவி ஒரே ஒரு சுரத்தை விடாமல் பிடித்து நிற்கும். வடிவுடையம்மன் கோயில் திருவிழாவில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு சுரத்திலிருந்துதான் மெதுவான இரண்டாம் பகுதி பிறக்கிறது, ஆகவே நடுவில் விளம்பரம் வருகிற ஆப் வேண்டாம், ஒரே நீளமாக இருக்கிற வீடியோவைப் போடுங்கள். மூன்றாவது பகுதி ஓட்டமும் துள்ளலும், அதற்கு விளக்கம் தேவையில்லை.

இதன் பின்கதையை, இரண்டாம் தடவை இசையைக் கேட்பதற்கு முன் தெரிந்துகொண்டால் போதும். 1845 மார்ச் 13, லைப்சிக் நகரத்து கெவான்ட்ஹவுஸ் அரங்கில் டேவிட்தான் முதலில் வாசித்தார். மெண்டல்சனுக்கு உடம்பு சரியில்லாததால் நீல்ஸ் காடே என்பவர் ஆர்கெஸ்ட்ராவை நடத்தினார். அதற்கப்புறம் மூன்று வருடம்கூட ஆகவில்லை, மெண்டல்சன் போய்விட்டார், வயது 38. யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் நாஜிக்கள் அவர் இசையைத் தடை செய்தார்கள், 1936-இல் கெவான்ட்ஹவுஸ் முன்னால் இருந்த சிலையையும் ராவோடு ராவாகப் பெயர்த்தெடுத்தார்கள். 2008-இல் அதே மாதிரி ஒன்று செய்து, அதே ஊரில் தாமஸ் தேவாலயத்துக்கு எதிரே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள்.