மரமேறும் மெக்கானிக்கல் கருவி: கயிற்றில் மாட்டுவதற்கு முன்னும் கழற்றிய பின்னும்

எடை விழுந்தால் கயிற்றை இறுகப் பிடிக்கும் பிரஸ்ஸிக் முடிச்சிலேயே மரமேறிப் பழகியவர்களுக்கு, அந்த முடிச்சின் வேலையைச் செய்யும் ஜிக்ஜாக் மாதிரி ஓர் உலோகக் கருவி கைக்கு வந்தால் பெரிய நிம்மதிதான். லீவரை லேசாக அழுத்தினால் இறங்கும், விட்டால் பிடிக்கும், தொய்வை இழுத்துவிடுவதும் சுலபம். ஆனால் முடிச்சுக் கயிறு தேய்ந்தால் நூல் பிசிறி நிற்பதைப் பார்த்ததும் மாற்றிவிடுவோம். கருவி தேயும்போதோ மேலே பளபளவென்றே இருக்கும், தேய்மானம் கயிறு உரசும் உட்பக்கத்தில் நடக்கும். அதனால் கருவிக்கு மாறுகிறவர் உள்ளே பார்க்கும் பழக்கத்துக்கும் சேர்த்தே மாற வேண்டும்.

முதலில் கயிறு. எந்தத் தடிமன் கயிறு பொருந்தும் என்று கையேட்டில் இருக்கும், பெரும்பாலும் கருவியின் உடம்பிலும் பொறித்திருப்பார்கள். 11.5 முதல் 13 மி.மீ. வரை என்று போட்டிருந்தால் 10 மி.மீ. கயிற்றை மாட்டிப் பார்க்கும் வேலையே வேண்டாம். அளவு பொருந்தினாலும் எல்லாக் கயிறும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. புதுக் கயிறு வழுக்கும், பழையது முரண்டு பிடிக்கும், மழையில் நனைந்தால் அதற்குத் தனிக் குணம். ஏறுபவரின் எடையும் இதில் சேர்கிறது. நண்பருடைய கயிற்றில் அருமையாக ஓடிய கருவி உங்கள் கயிற்றில் சறுக்கினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது, எந்த முறையில் ஏறுகிறீர்கள் என்பது. கயிறு கிளையைச் சுற்றி வந்து உங்களோடு சேர்ந்து நகரும் இரட்டைக் கயிற்று முறையில் 80 கிலோ ஆளின் எடையை இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட 40, 40 என்று பகிர்ந்துகொள்கின்றன. ஒற்றைக் கயிற்று முறையில் முழு எடையும் ஒரே கயிற்றில், கருவியின் மேல். இரட்டைக் கயிற்றுக்கென்று செய்த கருவியை அப்படியே ஒற்றைக் கயிற்றில் போட்டால் ஒன்று லீவர் இறுகிக்கொள்ளும், இல்லாவிட்டால் திடீரென்று விட்டுவிடும். அதற்காகத்தான் கூடுதல் உராய்வு தர ரோப் ரெஞ்ச், சிகேன் போன்ற துணைக்கருவிகள் வந்தன. எது எதோடு சேரும் என்று தயாரிப்பாளர் சொன்னதை மட்டும் கேளுங்கள், வீடியோ பார்த்து நாமாக ஜோடி சேர்க்க வேண்டாம். இன்னொன்று: ஒற்றைக் கயிற்றை மேலே கிளையில் போட்டு அடிமரத்தில் கட்டினால் அந்தக் கிளை தாங்குவது உங்கள் எடையைப் போல் சுமார் இரண்டு மடங்கு. கிளையைத் தேர்ந்தெடுக்கும்போது இதை மனதில் வையுங்கள்.

சரி, மாட்டியாயிற்று. உடனே ஏறாதீர்கள். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் மெல்ல உட்கார்ந்து எடையைக் கொடுங்கள். கருவியை இடுப்புப் பட்டையோடு இணைக்கும் உலோகக் கொக்கியான காரபினரின் பூட்டு முழுக்கத் திரும்பியிருக்கிறதா, எடை அதன் நீளவாக்கில் விழுகிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். அப்புறம் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு, லீவரை அழுத்தி ஒரு சாண் இறங்கி, விடுங்கள். கருவி உடனே பிடிக்க வேண்டும். தயங்கிப் பிடித்தாலோ மெல்ல வழுக்கினாலோ அன்றைக்கு அந்தக் கயிறும் அந்தக் கருவியும் சேராது, அவ்வளவுதான். மேலே போனால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

மேலே போன பிறகு கையை எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் பெரிய விஷயம். பயந்தால் கை எதையாவது இறுகப் பற்றும். அப்போது கை லீவரின் மேல் இருந்தால், பற்றப் பற்றக் கீழே போவீர்கள். அதனால் இறங்காத நேரத்தில் லீவரில் கை வேண்டாம், இறங்கும்போது கீழ்க்கயிற்றை மறு கை விடவே கூடாது. ஒடிந்த கிளைக் குச்சியும் லீவரை அழுத்திவிடும், கருவி மரத்தோடு உரசும் இடங்களில் கண் வையுங்கள். கயிற்றில் தொய்வு விட்டுக்கொண்டு, கட்டிய கிளைக்கு மேலே ஏறி நிற்காதீர்கள்; இவை உட்கார்ந்து வேலை செய்வதற்கான கருவிகள், விழுபவரைத் தாங்கிப் பிடிக்கச் செய்தவை அல்ல. ரம்பத்தை எடுக்கும் முன் லேன்யார்டையும், அதாவது மரத்தைச் சுற்றி இடுப்புப் பட்டையில் மாட்டும் குட்டைக் கயிற்றையும், மாட்டுங்கள், ஒரு வெட்டில் கயிறு போய்விடும். வேகமாகச் சர்ரென்று இறங்குவது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் உலோகம் சூடேறிக் கயிற்றின் மேலுறை உருகிக் கண்ணாடி போல் மினுமினுக்கும். அப்படி மினுமினுத்த பகுதி விறைப்பாகத் தட்டுப்பட்டால் அந்தக் கயிறு வேண்டாம்.

இறங்கியதும் பராமரிப்பு. எதிரி பிசின்தான், முக்கியமாக ஊசியிலை மரங்களில். இணைப்புகளுக்கு நடுவே பிசினும் மரத்தூளும் சேர்ந்து பசையாகி, லீவர் விட்ட பிறகும் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பாதியில் நிற்கும். வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, பழைய பல் தேய்க்கும் பிரஷ் போதும். இணைப்புகளை ஒவ்வொன்றாக அசைத்துக்கொண்டே தேய்த்து, நன்றாக அலசி, நிழலில் காய வையுங்கள். பிரஷர் வாஷரைக் காட்டினால் கப்பியின் பேரிங்குக்குள் தண்ணீர் போகும். பெட்ரோல், தின்னர் வேண்டவே வேண்டாம். எண்ணெய் விடுவதாக இருந்தால் கையேடு சொன்ன இடத்தில், சொன்ன எண்ணெய், ஒரு சொட்டு. கயிறு தொடும் பரப்பில் பட்டால் துடைத்தெடுங்கள்.

காய்ந்ததும் வெளிச்சத்தில் பிடித்து, கயிறு உரசும் இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். பள்ளம் விழுந்திருக்கிறதா, ஓரம் கூர்மையாகியிருக்கிறதா? பள்ளத்தைவிடக் கூர்மையான ஓரம் மோசம், கயிற்றைச் சீவிவிடும். ரிவெட்டுகள் ஆடுகின்றனவா, கப்பி தடையின்றிச் சுற்றுகிறதா, எங்காவது முடி போல் விரிசல் தெரிகிறதா என்றும் பாருங்கள். தேய்மான எல்லை கையேட்டில் இருக்கும். ஏறும் ஒவ்வொரு முறையும் நீங்கள் பார்ப்பது போக, 12 மாதத்துக்கு ஒருமுறையாவது விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். தூக்கும் சாதனங்களுக்கான பிரிட்டனின் 1998 லோலர் விதிகளில் ஆட்களைத் தூக்கும் சாதனங்களுக்கு 6 மாதம்தான் கெடு. சீரியல் எண்ணையும் வாங்கிய தேதியையும் குறித்து வைத்தால், தயாரிப்பாளர் ஏதாவது தொகுதியைத் திரும்பக் கேட்கும்போது உங்களுடையது அதில் இருக்கிறதா என்று உடனே பார்த்துவிடலாம்.

உயரத்திலிருந்து கெட்டித் தரையில் விழுந்த கருவி, பலத்த அதிர்ச்சி வாங்கிய கருவி, எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாத பழைய கருவி, இவற்றை மறுபடி ஏற்ற வேண்டாம். தூக்கிப் போடும்போது முழுசாகப் போடாதீர்கள், பெட்டியில் கிடந்தால் அவசரத்துக்கு யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள். ரம்பத்தால் இரண்டாக அறுத்துப் போடுங்கள்.