நேவிட் வழி காட்டவில்லையா? முதலில் மொட்டைமாடிக்குப் போங்கள்

பௌர்ணமிதோறும் அண்ணன் பெங்களூரு அல்சூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வேன் ஓட்டுகிறார். ஊத்தங்கரை தாண்டிச் செங்கம் போகும்வரை என் கைப்பேசியில் இணையம் அடிக்கடி அறுந்துவிடும். அதனால் பழைய மடிக்கணினி ஒன்றில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம், இணையம் இல்லாமலே வழிகாட்டும் நேவிட் மென்பொருள், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடம் மூன்றையும் ஏற்றி, யூ-பிளாக்ஸ் சில்லு உள்ள யூஎஸ்பி ஜிபிஎஸ் கருவியைச் செருகிக் கொடுத்திருக்கிறேன். அம்புக்குறி நகராமல் நின்றால் நேவிட்டை அழித்துவிட்டு மறுபடி நிறுவாதீர்கள். கோளாறு பெரும்பாலும் அதற்குக் கீழே, கருவியிலோ கணினி அதைப் படிக்கும் விதத்திலோதான் இருக்கும்.

கருவியை மொட்டைமாடியில் வைத்துக் கால் மணி நேரம் பொறுத்திருங்கள். இடத்தைக் கணிக்கக் குறைந்தது 4 செயற்கைக்கோள்கள் தெரிய வேண்டும். பல நாள் அணைந்துகிடந்த கருவி அவற்றின் முழு அட்டவணையையும் வானத்திலிருந்து பெற 12.5 நிமிடம் ஆகும். அல்சூர் மெட்ரோ பாலத்துக்கு அடியில் நின்று சோதித்தால் நல்ல கருவியும் தடுமாறும்.

அடுத்து கருவியைக் கணினியில் செருகி, முனையத்தில் (கட்டளை தட்டும் சாளரத்தில்) டிமெசேஜ் (dmesg) கட்டளை கொடுங்கள். டிடிஒய்ஏசிஎம்0 (ttyACM0) என்று ஒரு பெயர் வந்தால் கணினி கருவியைக் கண்டுகொண்டது என்று பொருள். வராவிட்டால் கம்பியை மாற்றுங்கள். பெயர் வந்தும் 'அனுமதி இல்லை' என்றால் உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் (dialout) குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். உள்நுழையாமல் அது செல்லாது. மோடங்களைக் கவனிக்கும் மோடம்மேனேஜர் நிரல் சில நேரம் இக்கருவியை மோடம் என்று நினைத்துத் துருவும். சிம் டாங்கிள் பயன்படுத்தாதவர்கள் அதை நிறுத்திவிடலாம்.

கருவியைப் படித்து மற்ற நிரல்களுக்குத் தரும் ஜிபிஎஸ்டி (gpsd) நிரல் ஓடும்போது ஜிபிஎஸ்பைப் கட்டளையை ஆர் விருப்பத்தோடு (gpspipe -r) கொடுத்தால் டாலர் குறியில் தொடங்கும் வரிகள் ஓடும். ஆர்எம்சி என்று முடியும் சொல் உள்ள வரியைப் பாருங்கள். நேரத்துக்கு அடுத்து 'ஏ' இருந்தால் இடம் கிடைத்துவிட்டது. 'வி' இருந்தால் இன்னும் இல்லை. அதற்கடுத்த எண் அட்சரேகை. அல்சூரில் 1258.8 என்று வரும். அது 12.588 பாகை அன்று. 12 பாகை 58.8 நிமிடம், அதாவது 12.98 பாகை. இதைத் தவறாகப் படித்துவிட்டு நல்ல கருவியைக் குறைசொல்பவர்கள் உண்டு.

இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் நேவிட்டைத் தொடுங்கள். அதன் எக்ஸ்எம்எல் அமைப்புக் கோப்பில் வாகனத்தின் மூலம் ஜிபிஎஸ்டியாக இருக்கட்டும். ஜிபிஎஸ்டி 2947-ஆம் போர்ட்டில் காத்திருக்கும். நேவிட்டும் ஜிபிஎஸ்டியும் ஒரே கருவியை நேரடியாகப் படித்தால் வரிகள் பாதி இங்கும் பாதி அங்குமாகச் சிதறும். ஒருமுறை, புறப்படுவதற்கு முந்தைய இரவு முழுவதும் இடிசி (/etc) கோப்பகத்திலுள்ள அந்த அமைப்புக் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன். எதுவும் மாறவில்லை. என் வீட்டுக் கோப்பகத்தின் மறைந்த நேவிட் உறையில் (.navit) அதன் பழைய பிரதி ஒன்று இருந்தது. நேவிட் அதைத்தான் முதலில் படிக்கும். விடிகாலை நான்கு மணிக்கு அதை நீக்கியதும் அம்புக்குறி வீட்டு வாசலில் வந்து நின்றது.

சில்க் போர்டு அருகே அம்பு மேம்பாலத்துக்கும் கீழ்ச்சாலைக்கும் தாவினால் எதையும் திருத்த வேண்டாம். சில மீட்டர் பிழை ஜிபிஎஸ்ஸின் இயல்பு. இரண்டு சாலைகளும் விலகியதும் தானாகச் சரியாகிவிடும்.