மாவுக்கட்டு பிரித்த கையை வீட்டிலேயே அளக்கலாம்

மணிக்கட்டு முறிந்து கட்டுப் பிரித்தவரிடம் "கை எப்படி இருக்கு?" என்று கேட்டால், "பரவாயில்லை" என்பார். பிசியோவுக்கு அது போதாது. கோலாலம்பூரில் ஒரு அப்பாயிண்ட்மென்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே சில வாரங்கள் ஓடிவிடலாம். அதுவரை ஒரு ஸ்கேலும் நோட்டும் கையில் இருக்கட்டும்.

மெதுவாக முஷ்டி பிடியுங்கள். உள்ளங்கையில் விரல்களுக்கு அருகே குறுக்காக ஓடும் ரேகை வரை நடுவிரல் நுனி வருகிறதா? வராவிட்டால் இடைவெளியைச் சென்டிமீட்டரில் குறியுங்கள். எப்போதும் ஒரே நேரத்தில் அளப்பது முக்கியம். காலையில் விறைப்பு அதிகம் இருக்கும். காலையில் ஒரு நாள், மாலையில் ஒரு நாள் என்று அளந்த எண்ணை நம்பவே முடியாது.

பிடியின் பலத்தை மட்டும் வீட்டில் அளக்க முடியாது, பிசியோவிடம் உள்ள கருவியில்தான் பார்க்க வேண்டும். உட்கார்ந்து, முழங்கையை 90 டிகிரி மடக்கி, 3 முறை அழுத்திச் சராசரி எடுப்பது வழக்கம். நல்ல கையையும் அளக்கச் சொல்லுங்கள், ஒப்பிட அதுதான் அளவுகோல்.

அப்புறம், அன்றாட வேலைகள். சட்டைப் பொத்தான் போடுவது, கதவுக் குமிழைத் திருகுவது, நாற்காலியில் கையூன்றி எழுவது, 5 கிலோ அரிசிப் பையைத் தூக்குவது. ஒவ்வொன்றுக்கும் சிரமத்தை 0 முதல் 10 வரை எழுதுங்கள். 0 என்றால் சிரமமே இல்லை. மருத்துவர் அனுமதிக்கும்வரை கையூன்றி எழுவதும் அரிசிப் பையும் வேண்டாம். விரல் மரத்துப்போனாலோ வீக்கம் கூடினாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்காதீர்கள்.